கரிசல் பாதையில் காற்று இறங்கினால்

1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக இருந்த பாலவனத்தத்தையும், ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியையும் காண வேண்டுமென்று மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவர்களும், இந்த வட்டாரத்திலேயே குடியிருந்து நாள்தோறும் காட்டுக்கும் சந்தைக்கும் நூற்பாலைக்கும் போய் வருகிறவர்களும், பெட்ரோல் போதுமா என்று பார்ப்பதற்கு முன்னால் பஞ்சர் ஒட்டும் சாமான்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கும் வரையில் கவலை அதிகமில்லை. சற்றுத் தூரம் தள்ளிச் சென்றால் ஏதேனும் ஒரு கடை வாசலில் பழைய டயர் ஒன்று தொங்குவதைக் காணலாம். அந்தச் சாலையை விட்டுப் பிரிந்து, கண்மாய்க்கரை மேலாகவோ, பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் கரிசல் காட்டின் ஊடாகவோ போகும் பாதையில், நிழலும் ஆளும் இல்லாத ஓரிடத்தில், பிற்பகல் வெயிலில் பின் சக்கரம் தரையோடு அமர்ந்துவிட்டால், அப்போது துணைக்கு வருவது கையிலுள்ள சாமான்களும் அவற்றை உபயோகிக்கும் ஞானமும்தான். அந்த ஞானத்தை இயன்ற அளவு தெளிவாகச் சொல்லுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இந்தப் பிரதேசத்தில் டயரைத் துளைப்பவற்றுள் முதலிடம் சீமைக் கருவேலத்துக்கு உரியது. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்ற எண்ணத்தில் பழைய ராமநாதபுரம் ஜில்லா முழுவதும் பரவ இடம் பெற்று, அதன் நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் வழியாக விதை எங்கும் விழுந்து, இன்று கண்மாயின் உட்புறம், தரிசு, ரயில் பாதையோரம், சாலையோரம் என்று கண் பட்ட இடமெல்லாம் மண்டிக் கிடக்கிறது. நட்ட நடுச்சாலையில் முள் எப்படி வந்தது என்று வெளியூரார் வியப்பதுண்டு. விறகுக்காகவும் கரிமூட்டத்துக்காகவும் வெட்டப்பட்ட கிளைகள் டிராக்டரிலும் லாரியிலும் போகும்போது சிறு சிறு குச்சிகள் உதிர்கின்றன. வெள்ளாமையைச் சுற்றிப் போட்ட முள்வேலியும் தொழுவத்து முள்படலும் இழுத்து மாற்றப்படும்போது சில உதிர்கின்றன. ஆடிக்காற்றில் சில பறந்து வருகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரத்து வெள்ளம் சாலையைக் கடக்கும்போது, தான் அடித்து வந்த குப்பையை நடுவில் விட்டுச் செல்கிறது. ஆகையால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் இப்பாதைகளில் செல்பவர், சாலை நடுவே கறுத்த குப்பை வரிசையாகக் கிடக்கும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போவது நல்லது.

முட்கள் யாவும் ஒரே குணமுடையவை அல்ல. சீமைக் கருவேல முள் நேரானது. கணுக்களில் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்பது. பச்சையாக இருக்கும்போது வளைந்து கொடுத்தாலும் காய்ந்தபின் கெட்டிப்பட்டு ஆணிக்கு நிகராகிவிடுவது. அது ரப்பரில் நேரே இறங்கி, இறங்கிய பிறகு வெளிப்பகுதி ஒடிந்து போய், நுனி மட்டும் உள்ளே தங்கிவிடும். நாட்டுக் கருவேலத்தின் வெண்முள்ளும் உடைமரத்தின் நெடுமுள்ளும் இதே காரியத்தைச் செய்யும். இவை வெளுப்பாக இருப்பதால் கறுத்த டயரில் கண்ணுக்குப் புலப்படுகின்றன என்பது ஒன்றே நமக்குச் சகாயம். இலந்தை முள் வளைந்தது. துணியைப் பிடித்து இழுப்பதில் காட்டும் வீரியத்தை டயரிடம் அவ்வளவாகக் காட்டுவதில்லை. நெருஞ்சி, சைக்கிள் ட்யூபுக்குப் பெரிய சத்துரு. மோட்டார் சைக்கிளின் புது டயரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, பட்டை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட டயரை மட்டும் அது துளைத்துவிடும்.

இவ்வளவு விஸ்தாரமாக முட்களைப் பற்றிச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஆணி குத்திய டயரில் ஆணி கண்ணுக்குத் தெரியும். பிடுங்கி எறிந்துவிட்டு ட்யூபை ஒட்டினால் வேலை தீர்ந்தது. முள் குத்திய டயரில் குற்றவாளி ரப்பருக்குள் மறைந்திருக்கிறது. அந்த ஒடிந்த நுனியைத் தேடி எடுக்காமல் ட்யூபை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், காலில் தைத்த முள்ளை எடுக்காமல் மேலே மருந்து பூசியதற்கு ஒப்பாகும். சிறிது தூரம் போவதற்குள் அதே முள் அதே ட்யூபில் வேறு துளையிட்டுவிடும். ஒட்டியது நிற்கவில்லை என்று சொல்யூஷனையும் ஒட்டையும் குறை கூறுகிறவர்களில் பலர், உண்மையில் முள்ளை உள்ளே வைத்துக்கொண்டே மேலும் மேலும் ஒட்டுகிறவர்கள். முள் நாட்டில் பஞ்சர் வேலையின் பெரும்பகுதி தேடுவதிலேயே இருக்கிறது என்பதை மனத்தில் கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

காற்று இறங்கும் விதம் இரண்டு. திடீரென்று இறங்குவது ஒன்று. மெல்ல இறங்குவது மற்றொன்று. முள் குத்தினால் பெரும்பாலும் இரண்டாவது விதமே நிகழ்கிறது. ஏனெனில் துளையிட்ட முள்ளே அத்துளையை ஓரளவு அடைத்துக்கொண்டும் இருக்கிறது. இரவு நிறுத்தும்போது சரியாக இருந்த சக்கரம் காலையில் தரையில் படிந்திருப்பது இதனால்தான். ஓட்டத்தின் நடுவில் பின்பக்கம் பாம்பு போல் நெளியத் தொடங்கினாலும், முன் கைப்பிடி காரணமின்றிக் கனத்து ஒரு பக்கமாக இழுத்தாலும், ஆக்ஸிலேட்டரை மெல்லத் தளர்த்தி, கைப்பிடியை நேராகப் பிடித்து, காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கையே மிதமாக உபயோகித்து, ஓரத்தில் உறுதியான தரை பார்த்து நிறுத்த வேண்டும். நின்ற பிறகு, பக்கத்து ஊர் எட்டும் தூரம்தானே என்று ஏறி ஓட்டிவிடக் கூடாது. காற்றில்லாத டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். அத்துடன் ட்யூபும் இழுபட, வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்பதால், ட்யூப் வால்வின் அடியில் கிழிந்துபோகும். அந்த இடத்தில் கிழிந்த ட்யூபை யாராலும் ஒட்ட முடியாது. ஒரு சிறு ஒட்டோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் புது ட்யூபிலும், சில சமயம் வளைந்த ரிம்மிலும் வந்து முடியும். தள்ளிச் செல்ல நேர்ந்தால் இறங்கித் தள்ளுங்கள்; பின்னால் உட்கார்ந்திருப்பவரும் இறங்கி ஒரு கை கொடுக்கட்டும்.

பெரும்பாலும் பின் சக்கரமே பஞ்சராவதைக் கவனித்திருப்பீர்கள். பாரம் பின்னால் அதிகம் என்பது ஒரு காரணம். தரையில் படுத்துக் கிடக்கும் முள்ளையும் ஆணியையும் முன் சக்கரம் புரட்டி நிமிர்த்திவிட, அடுத்த க்ஷணமே வரும் பின் சக்கரம் அதன்மேல் ஏறுகிறது என்பது மற்றொரு காரணம்.

சக்கரத்துக்குக் காற்று என்ற எண்ணம் மிகவும் பழையதன்று. 1845-இலேயே தாம்ஸன் என்ற ஸ்காத்லாந்துக்காரர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கத்துக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக் குழாய் செய்து, 1888-இல் உரிமை பெற்ற பிறகே உலகம் அதை ஏற்றது. ஆனால் அந்த ஆதி டயர்கள் ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன; துளை விழுந்தால் பிரித்து, ஒட்டி, உலர வைப்பதில் ஒரு நாளே கழிந்துவிடும். பிரான்ஸ் தேசத்து மிஷலின் சகோதரர்கள் 1891-இல், கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். நாம் சாலையோரத்தில் உட்கார்ந்து அரை மணிக்குள் டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்து ட்யூபை உருவி எடுக்க முடிகிறதென்றால், அதன் மூலம் அங்கே இருக்கிறது. இப்போது நம் மதுரைக்கு அருகில் வெள்ளரிப்பட்டியிலேயே இரு சக்கர வாகன டயர்கள் தயாராகின்றன.

இனி உபகரணங்கள். நுனி மழுங்கிய டயர் லீவர் இரண்டு, கூடுமானால் மூன்று, கையாலோ காலாலோ அடிக்கும் சிறிய பம்பு, உப்புத்தாள் ஒரு துண்டு, சொல்யூஷன், பல அளவில் ஒட்டுகள், வால்வு பின் ஒன்று கூடுதலாக, நுனி கூரான குறடு, முகப்பவுடர் சிறிது, பழைய பருத்தித் துணி, சாக்குக்கட்டி, வண்டியோடு வந்த ஸ்பேனர்கள். லீவருக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவர் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் கூரிய விளிம்பு ஒரு துளையை அடைக்க வந்தவருக்கு இன்னும் இரண்டு துளைகளைப் பரிசாகத் தந்துவிடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். சொல்யூஷனைப் பற்றி ஓர் எச்சரிக்கை: இந்த நாட்டு வெயிலில், ஒரு முறை திறந்த குழாய் பெட்டிக்குள் கிடந்து சில வாரங்களில் உலர்ந்து கட்டியாகிவிடும். சீல் உடைக்காத குழாய் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் வால்வைச் சந்தேகியுங்கள். காற்றுச் சிறிது மிச்சமிருந்தால், அல்லது பம்பினால் சிறிது ஏற்றிக்கொண்டு, வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்தால், குமிழி எழும்புகிறதா என்று தெரியும். எழும்பினால் வால்வு பின் தளர்ந்திருக்கிறது. திருகி இறுக்கினாலோ மாற்றினாலோ காரியம் முடிந்தது. புழுதி நிறைந்த இப்பாதைகளில் வால்வு மூடி இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

வால்வு குற்றமற்றதென்றால், சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே டயரின் பட்டையை ஓர் அங்குலம் விடாமல் பாருங்கள். முள்ளின் அடிக்கட்டை தெரிந்தால் அதைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டமிடுங்கள். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். ஒன்று கண்டதும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் பாருங்கள். முள் குச்சியின் மேல் ஏறிய சக்கரத்தில் ஒரு முள்ளோடு நிற்பது அபூர்வம். மழைக்காலமானால் இந்தச் சோதனைக்கு முன்பாகவே டயரிலும் ரிம்மிலும் அப்பியிருக்கும் கரிசல் சேற்றைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். அந்த மண் ஒரு கட்டி உள்ளே போனாலும் ட்யூபை அரைத்துக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும் என்பதில்லை. பஞ்சர் கடைக்காரர்கள் பெரும்பாலும் சக்கரம் வண்டியிலேயே இருக்க, டயரின் ஒரு விளிம்பை மட்டும் பிரித்து, ட்யூபைப் பக்கவாட்டில் உருவி ஒட்டிவிடுகிறார்கள். தனியாக இருப்பவருக்கும் இதுவே சிறந்த வழி என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் செயினையும் பிரேக் ராடையும் ஆக்சிலையும் கழற்றி, அவற்றின் வாஷர்களையும் புஷ்களையும் மண்ணில் உருளவிட்டுத் தேடும் சங்கடம் இதில் இல்லை. ட்யூபையே மாற்ற வேண்டி வந்தால்தான் சக்கரம் முழுவதும் வெளியே வர வேண்டும். பின் சக்கரத்தில் செயின் இல்லாத பக்கத்திலிருந்து வேலை செய்யுங்கள். அந்தப் பக்கம் சைலன்ஸர் இருக்குமாயின் அது ஆறும் வரையில் நிழலில் உட்கார்ந்து, ஒட்டு முதலியவற்றைத் தயார் செய்துகொள்ளலாம்.

வால்வு பின்னைத் திருகி எடுத்து மிச்சக் காற்றையும் வெளியேற்றிவிட்டு, வால்வின் அடியிலுள்ள நட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு டயரின் பக்கச் சுவரைக் குதிகாலால் மிதித்து, இரு பக்கமும் சுற்றிலும் அதன் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்க வேண்டும். விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, அது நீளாது. ஆகையால் பலத்தினால் இந்த வேலை நடக்காது, ஒரு யுக்தியினால் நடக்கும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் அமுக்கி வைத்துக்கொண்டால், வால்வின் பக்கத்தில் அவ்வளவு தளர்ச்சி கிடைக்கும். அங்கே ஒரு லீவரைச் செருகி விளிம்பைத் தூக்குங்கள். ஒரு சாண் தள்ளி இரண்டாவதைச் செருகுங்கள். விளிம்பைப் பற்றும் அளவுக்குச் செருகினால் போதும். ஆழமாகச் செருகினால் ட்யூபையும் சேர்த்துக் கவ்வும். இரண்டு மூன்று இடத்தில் தூக்கிய பிறகு மீதி விளிம்பு கையோடு வந்துவிடும். எங்கேனும் மிகுந்த பலம் தேவைப்படுகிறதென்றால், எதிர்ப்புறம் பள்ளத்தை விட்டு வெளியேறிவிட்டது என்று அறிந்து, அதை மறுபடியும் அமுக்கிவிட்டுத் தொடருங்கள்.

ட்யூபை உருவி எடுக்கும்போது, வெளிப்புறமாக இருந்த பக்கம் எது என்பதைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளிம்பு மட்டும் பிரிந்த டயர் ரிம்மின் மேல் தன் இடத்திலேயே இருக்கிறது; வால்வுத் துளையும் தன் இடத்திலேயே இருக்கிறது. எனவே ட்யூபில் வால்விலிருந்து எத்தனை சாண் தூரத்தில், எந்தத் திசையில் துளை இருக்கிறதென்று அளந்தால், டயரிலும் அதே தூரத்தில் முள் இருக்க வேண்டும். மறைந்த முள்ளைக் கண்டுபிடிக்க இதைவிட நிச்சயமான வழி வேறில்லை. ஆனாலும் இந்தக் குறியை இடாமல் ட்யூபை இழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு டயர் முழுவதும் தடவுகிறவர்களே அதிகம்.

துளையைக் காண்பதற்குக் கடைக்காரரிடம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வழியில் கண்மாய் வற்றியிருக்கும்; கையிலிருப்பது குடிக்கும் தண்ணீராக இருக்கும். அதை வீணாக்க வேண்டியதில்லை. ட்யூபைத் தன் இயல்பான பருமனுக்குச் சற்று அதிகமாகவே ஊதி, காதருகில் வைத்து மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். சப்தம் கேட்காவிட்டால் கீழுதட்டருகில் கொண்டுசெல்லுங்கள். வியர்த்த முகமும் ஈரமான உதடும் மிக நுண்ணிய காற்றையும் உணரும். சந்தேகமான இடத்தில் மட்டும் எச்சிலோ இரண்டு சொட்டு நீரோ தடவினால் குமிழி சாட்சி சொல்லும். ஒரு துளை கிடைத்ததும் அதற்கு நேர் எதிர்ச் சுவரையும் பாருங்கள். காற்றிறங்கிய பிறகு சற்றுத் தூரம் ஓடியிருந்தால் முள் இரு சுவரையும் துளைத்திருக்கக்கூடும்.

துளை இருக்கும் இடமும் அதன் உருவமும் காரணத்தைச் சொல்லுகின்றன. தரையை நோக்கிய பக்கத்தில் ஊசித்துளை போல் இருந்தால் முள். பக்கத்துக்கொன்றாக இரண்டு கீறல்கள் ஜோடியாக இருந்தால், காற்றுக் குறைவாக இருந்த நிலையில் கல்லிலோ பள்ளத்திலோ மோதியபோது ட்யூப் ரிம்மின் விளிம்புகளுக்கிடையே நசுங்கியது என்று அர்த்தம். அப்போது முள்ளைத் தேட வேண்டாம், காற்றின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ரிம்மை நோக்கிய பக்கத்தில் துளை இருந்தால், ரிம்மின் உட்புறத்து ரப்பர்ப் பட்டை விலகி ஸ்போக்கின் தலை குத்தியிருக்கும், அல்லது துருவேறிய ரிம் அரைத்திருக்கும். உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்து, பட்டையை நேராக்கிய பிறகுதான் ட்யூபை உள்ளே விட வேண்டும்.

முள்தான் என்று தெரிந்தபின், அளந்து கண்ட இடத்தில் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். வெறும் விரலை நுழைக்கக் கூடாது. விரலைக் கிழிக்கும் என்பதோடு, விரலுக்குத் தட்டுப்படாத நுனியும் பருத்தித் துணியின் நூலைப் பற்றி இழுத்துக் காட்டிக்கொடுக்கும். இரண்டு திசையிலும் தடவுங்கள். சாய்ந்து நிற்கும் முள் ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் மாட்டும். துணி மாட்டிய இடத்தை வெளியிலிருந்து விரலால் அழுத்தி வளைத்தால் உள்ளே நுனி எழும்பும்; குறட்டினால் பற்றி இழுங்கள். வழுக்கினால், இன்னொரு முள்ளின் நுனியாலோ ஊக்கினாலோ உள்ளிருந்து வெளியே தள்ளலாம். எடுத்த துண்டை எறிந்துவிடாமல் அதன் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனை கூராகவும் மற்றது ஒடிந்தும் இருந்தால் உள்ளே போனது முழுவதும் வந்துவிட்டது. இரண்டு முனையும் ஒடிந்திருந்தால் கூர்முனை இன்னும் ரப்பருக்குள் இருக்கிறது, தேடல் முடியவில்லை. அந்த இடத்தோடு நில்லாமல் டயரின் முழு வட்டத்தையும் ஒரு முறை துணியால் சுற்றித் தடவி, முன்பு சாக்குக்கட்டியால் வட்டமிட்ட முட்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே ட்யூபின் பக்கம் திரும்ப வேண்டும். நேரம் போகிறதே என்று தோன்றும் இடம் இதுதான். இங்கே செலவிடும் ஐந்து நிமிஷம், திருச்சுழி போகுமுன் மறுபடியும் உட்கார வேண்டிய அவசியத்தை நீக்கும்.

ஒட்டும் வேலை சுலபமானது. துளையைச் சுற்றி, ஒட்டின் அளவைவிட அகலமாக, ட்யூபின் பளபளப்பு போய் மங்கலான கருமை தோன்றும் வரையில் உப்புத்தாளால் தேய்த்து, வார்ப்புக் கோடு ஏதேனும் குறுக்கே ஓடினால் அதையும் சமமாக்கி, தூளைத் துடைத்துவிடுங்கள். தேய்த்த இடத்தை மறுபடியும் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டுக்கு விரோதி. சொல்யூஷனை மெல்லியதாக, ஒரே சீராகப் பரப்புங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்துவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை. இந்தச் சொல்யூஷன் தபால் உறைக்குத் தடவும் பசையைப் போன்றதன்று. அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சும் ரப்பரே ஒட்டின் அடிப்பாகத்தோடு இரசாயனச் சேர்க்கை கொள்ளுகிறது. பளபளப்பு அடங்கி, புறங்கை விரலால் ஓரத்தைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாத பதம் வர வேண்டும். நிழலில் சுமார் ஐந்து நிமிஷம் ஆகும். சித்திரை வைகாசியில் சற்று முன்னதாகவே ஆகிவிடும். வெயில் நேரே படும் இடத்தில் வைத்தால் மேற்புறம் மட்டும் உலர்ந்து உட்புறம் ஈரமாக நிற்கும். புழுதிக் காற்றும் அதன்மேல் வந்து படியும். ஆகையால் உடம்பையே மறைப்பாக்கிக்கொண்டு காத்திருங்கள். பிறகு ஒட்டின் அடித்தாளை நீக்கி, துளை நடுவில் அமையும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்து, தட்டையான கல்லின் மேல் வைத்து ஸ்பேனரின் பிடியால் நன்றாகத் தேய்த்து, மேலுள்ள மெல்லிய தாளைப் பிடிவாதமாக உரிக்காமல் விட்டுவிட்டு, சுற்றிலும் முகப்பவுடரைத் தூவினால் ஒட்டு பூர்த்தியாயிற்று.

கடைகளில் செய்யும் சூட்டு ஒட்டு வேறு வகை. வேகாத ரப்பர்த் துண்டு ஒன்றைத் துளையின்மேல் வைத்து, மின்சாரத்தால் சூடேறும் திருகு அச்சில் இறுக்கிச் சில நிமிஷம் வைத்திருக்கிறார்கள். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் வெயிலில் இளகாத, குளிரில் வெடிக்காத உறுதி அதற்கு வருகிறதென்று 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த அதே வினைதான் அந்த அச்சுக்குள்ளும் நடக்கிறது. நம் ஜில்லாவின் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மத்தாப்பாக எரியும் கந்தகம், பஞ்சர் கடையில் ட்யூபோடு ஒட்டை ஓருடலாக்குகிறது. சூட்டு ஒட்டு, வழியில் போட்ட ஒட்டைவிட நெடுநாள் நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. வழியில் ஒட்டியதைப் பிறகு ஒரு நாள் கடையில் காட்டிச் சூட்டு ஒட்டாக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். அந்தக் கடையில் ட்யூபை மட்டும் கொடுத்துவிட்டு நிற்காமல், “அண்ணே, டயருக்குள்ள ஒருதடவை துணி விட்டுப் பாத்துருங்க” என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

ட்யூபை உள்ளே விடுமுன் சிறிது காற்று ஏற்றுங்கள். வட்ட உருவம் வந்தால் போதும். முறுக்கும் மடிப்பும் இல்லாமல் அமர இது உதவும். வால்வை முதலில் துளையில் நுழைத்து, நட்டை இரண்டு சுற்று மட்டும் திருகி, ட்யூபைச் சுற்றிலும் உள்ளே தள்ளுங்கள். டயரின் விளிம்பை மாட்டும் வேலை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வில் முடிய வேண்டும். வால்வு இருக்குமிடத்தில் பள்ளம் அடைபட்டிருப்பதால் அங்கே தொடங்கினால் கடைசியில் விளிம்பு எட்டாது. முக்கால் பங்கு கையாலும் முழங்காலாலுமே ஏறிவிடும். கடைசிச் சாணுக்கு லீவர் தேவைப்படலாம். ஒட்டிய ட்யூப் மறுபடியும் கிழிவது பெரும்பாலும் இந்தக் கடைசிச் சாணில்தான். தொடங்கிய இடத்தின் விளிம்பு பள்ளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதை மிதித்துக்கொண்டு, லீவரைச் சிறு சிறு அளவில் உபயோகியுங்கள். ஏறியதும் வால்வை ஒரு முறை உள்ளே அமுக்கி விடுங்கள். அதன் அடியில் விளிம்புக்குள் சிக்கிய ட்யூப் விடுபடும்.

முதலில் பாதிக் காற்று அடித்து, சக்கரத்தைச் சுழற்றி, ரிம்மின் ஓரத்தில் டயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் கோடு அமிழ்ந்திருந்தால் காற்றை இறக்கி, அவ்விடத்தைத் தட்டிச் சரிசெய்து மறுபடி அடிக்க வேண்டும். சாதாரண நூறு சி.சி. வண்டிகளுக்குத் தனியாகச் செல்லும்போது முன்னால் 25, பின்னால் 28 பவுண்டு என்ற அளவில் காற்று வேண்டியிருக்கும்; இருவர் சென்றால் பின் சக்கரத்துக்கு இன்னும் அதிகம். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் மூடியருகே ஒட்டிய தாளிலும் இருக்கிறது. கைப்பம்பினால் அவ்வளவும் ஏற்ற முடியாவிட்டால், கட்டைவிரலால் அழுத்தினால் அமிழாத அளவுக்கு ஏற்றிக்கொண்டு, கல்லும் பள்ளமும் தவிர்த்து நிதானமாகக் கடை வரையில் செல்லலாம். வால்வில் மறுபடியும் எச்சில் சோதனை, பிறகு மூடி.

ட்யூப் இல்லாத டயர்கள் வந்த பிறகு முள் நாட்டுப் பிரயாணிகளின் சங்கடம் பெரிதும் குறைந்திருக்கிறது. அவற்றில் காற்றை டயரும் ரிம்முமே சேர்ந்து அடைத்து வைத்திருப்பதால், முள் குத்தினாலும் அது நிற்கும் வரையில் காற்று மிக மெல்லவே கசியும். எனவே கையில் சாமான் இல்லாமல் முள்ளைப் பிடுங்கக் கூடாது. அளவாகக் காற்று அடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். சாமான் இருந்தால், முள்ளை எடுத்த துளையில் அரம் போன்ற ஊசியை முள் சென்ற அதே சாய்வில் சில முறை செலுத்தி எடுத்து, சொல்யூஷன் தோய்த்த ரப்பர்த் திரியை ஊசிக் காதில் கோத்து உள்ளே செலுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுத்து, வெளியே நீட்டிய திரியைக் கத்தரித்துவிட வேண்டியதுதான். பட்டையில் விழுந்த துளைக்கு இது ஏற்றது. பக்கச் சுவரில் விழுந்த வெட்டுக்கு ஏற்றதன்று, அதற்கு டயரை மாற்றுவதே பத்திரம். உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவமும் சிறு முட்துளைகளை அடைக்கிறது. ஆனால் அதை ஊற்றிவிட்டு முட்களைப் பிடுங்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களின் டயர், ஒரு நாள் பிரித்துப் பார்க்கும்போது உட்புறம் முழுவதும் முள்ளாகவே இருக்கும்.

மறுநாள் காலையில், வெயில் ஏறுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பாருங்கள். சிறிது இறங்கியிருந்தால் வால்வையும், அடுத்து ஒட்டின் ஓரத்தையும், அதன்பின் மறுபடியும் டயரின் உட்புறத்தையும் இந்த வரிசையில் சோதியுங்கள். ஒட்டின்மேல் ஒட்டுப் போட வேண்டிய நிலைக்கு வந்த ட்யூபையும், வால்வின் அடியில் கசியும் ட்யூபையும், வார்ப்புக் கோட்டோடு பிளந்த ட்யூபையும் கழித்துவிட வேண்டும். புது ட்யூப் வாங்கும்போது டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவை, 2.75-18 என்றோ 2.50-16 என்றோ இருப்பதை, அப்படியே எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஏறத்தாழப் பொருந்தும் என்று கொடுப்பதை வாங்க வேண்டாம். கழற்றிய பழைய ட்யூப் ஓரிரண்டு நல்ல ஒட்டுகளோடு இன்னும் காற்றைத் தாங்குமானால், பவுடர் தூவி, இறுக்கமாகச் சுருட்டி, முள் படாதபடி துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டு வையுங்கள். நரிக்குடிப் பக்கம் நெடுந்தூரம் போகும் நாளில் அதுவே மாற்று ட்யூபாக உதவும்.